ஒரு முங்கலுக்கு ஒரு லென்ஸ்

தரையில் நின்று படம் எடுப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தப்பான லென்ஸை மாட்டிவிட்டால் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். தண்ணீருக்குள் அது நடக்காது. கேமராவைப் பெட்டிக்குள் வைத்து, ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ் தடவி, மூடிக் கொக்கியைப் போட்டுவிட்டால் உள்ளே எது இருக்கிறதோ அதுதான். சின்னதைப் பார்க்கிற லென்ஸோடு இறங்கியவன் எதிரே யானை அளவு மீன் வந்தாலும் அதன் கண்ணை மட்டும்தான் எடுக்க முடியும். பெரியதைப் பார்க்கிற லென்ஸோடு இறங்கியவனுக்கு நகக்கண் அளவு இறால் கிடைத்தாலும் பயனில்லை. எல்லாவற்றையும் கரையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். நான் கரையில் எடுத்த ஒரு முடிவைப் பற்றித்தான் இது.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். பிறந்தது தாம்பரம்தான் என்றாலும் தாம்பரத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு வருஷம் இருந்ததாக நினைவில்லை. லாரி கிளீனராகப் போனேன், கோவாவில் ஓட்டல் பாத்திரம் கழுவினேன், ராமேஸ்வரத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்தேன். கடைசியில் அந்தமானில் டைவிங் கடை ஒன்றில் காற்று சிலிண்டர் தூக்குகிற வேலை கிடைத்தது. கடலுக்கடியில் நங்கூரம் சிக்கினால் போய் எடுத்துவிட அவர்களுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் முங்கக் கற்றேன். ஒரு முறை அவசரமாக இறங்கிக் காது ஜவ்வு கிழிந்து, ஒரு மாதம் ஒருபக்கமாகவே படுத்திருந்தேன். அது ஆறிவிட்டது. பிறகு கடைக்காரரே பரீட்சை வைத்து அட்டையும் வாங்கித் தந்தார். என் பெயர் போட்ட ஒரே சான்றிதழ் அது. கடை மூடியதும் கப்பல் ஏறித் திரும்பி வந்து, திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தேன். பட்டறையிலேயே தங்கிக்கொள்ளலாம் என்றார்கள், அதனால் சேர்ந்தேன். கடைசல் வேலை பிறகு பிடித்துப்போயிற்று.

அங்கே என்னைத் தேடி வந்தவன் என் பள்ளி நண்பன். ஒன்பதாவது வரை ஒரே பெஞ்ச். அவன் மேலே படித்தான், கல்யாணம் செய்தான், சேலையூரில் கேம்ப் ரோடு மேலேயே மாடியில் சின்ன ஸ்டுடியோ போட்டான். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து எல்லாம் எடுப்பான். அன்று அவன் கையில் போன். போனில் யாரோ ஒரு மணமகள் நீலத் தண்ணீருக்குள் சிவப்புப் புடவையோடு மிதந்துகொண்டிருந்தாள்.

"மச்சான், இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. எனக்கு போட்டோ தெரியும். உனக்குத் தண்ணி தெரியும். இன்னா சொல்ற?"

"உனக்குத் தண்ணி தெரியாதா?"

"ஷவர்ல நின்னாலே மூச்சு முட்டும்டா எனக்கு."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே சரி என்றேன். அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பது அதற்கு முன் எங்கள் நட்பில் நடந்ததில்லை.

கோவிலம்பாக்கத்தில் ஐடி வேலை பார்க்கிற ஒருவர் மாலத்தீவு போவதற்காக மிரர்லெஸ் கேமராவும் தண்ணீர்ப் பெட்டியும் வாங்கி, இரண்டே முறை நனைத்துவிட்டு விற்கப் போட்டிருந்தார். "பீரோல பாதி இடம் இதுக்கே போயிடுச்சு சார், வீட்ல திட்டுறாங்க" என்று பெட்டியைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். பெட்டி, கேமரா, அதோடு வரும் சாதாரண லென்ஸ், சின்னதைப் பார்க்கிற மேக்ரோ லென்ஸ் ஒன்று, இரண்டுக்கும் பொருந்துகிற தட்டைக் கண்ணாடி முகப்பு. கேமராவும் பெட்டியும் எங்கள் இருவருக்கும் பொது என்று வைத்துக்கொண்டோம். மேக்ரோவை என் பங்காக நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தமானில் வெள்ளைக்காரர்கள் அதை வைத்துக்கொண்டு ஒரே பவளத்தின் முன்னால் அரை மணி நேரம் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்து அவர்கள் காட்டும் படத்தில் நான் தினமும் கடந்துபோன இடத்தில் நான் பார்க்காத ஏதோ ஒரு உயிர் இருக்கும். அந்த லென்ஸ் ஒரு நாள் எனக்கு வேண்டும் என்று அப்போதே நினைத்திருந்தேன்.

மேடவாக்கம் பக்கம் ஒரு நீச்சல் பயிற்சிக் குளம் திங்கட்கிழமை மூடியிருக்கும். அன்றைக்கு எங்களுக்கு விடுவார்கள். முதல் மூன்று மாதம் தண்ணீருக்குள் நான், கரையில் அவன். மணமகளின் முந்தானைக் கரையில் தூண்டில் ஈயக் குண்டுகளை உள்ளே வைத்துத் தைப்பது என் யோசனை. இல்லாவிட்டால் புடவை முகத்தின் மேலேயே ஏறிவிடும். மாப்பிள்ளைகள் பெரும்பாலும் நீச்சல் தெரியாதவர்கள். காதலியைப் பிடிப்பதுபோல் இருக்கும், உண்மையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நண்பன் கரையிலிருந்து கத்துவான்: "சார், கண்ணைத் திறங்க! சிரிங்க! கன்னத்தை உப்பாதீங்க, பூரி மாதிரி இருக்கு!"

சிக்கல் லென்ஸில் இருந்தது. தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் எந்த லென்ஸும் தண்ணீருக்குள் தூரத்துக் கண்ணாடி போட்டதுபோல் ஆகிவிடும். எதிரே நிற்பவர் இருக்கிற தூரத்தைவிடப் பக்கத்தில், பெரிதாகத் தெரிவார். இரண்டு பேர் முழுசாக விழ வேண்டுமென்றால் நான் குளத்தின் மறுகோடிக்குப் பின்வாங்க வேண்டும். நடுவில் இருக்கும் அத்தனை தண்ணீரும், அதில் மிதக்கிற குளோரின் கலங்கலும், பழைய பேண்டேஜும் படத்தில் வந்து சேரும். முன்னே போனால் தலை வெட்டுப்படும். ஸ்டுடியோவில் படங்களைத் தேர்வு செய்து சரிசெய்வது நண்பனின் மனைவி. அவள் திரையைப் பார்த்தபடி சொல்வாள்: "அண்ணா, இதுல பொண்ணுக்குக் கால் இல்ல. இதுல கால் இருக்கு, பொண்ணு இல்ல."

அவன்தான் தீர்வைக் கண்டுபிடித்தான். ராத்திரி பகலாகப் படித்துப் பார்த்து ஃபிஷ்ஐ என்கிற பரந்த லென்ஸையும், அதன் முன்னால் வைக்கிற அரைக்கோளக் கண்ணாடியையும் மச்சினன் மூலமாக சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தான். அந்தக் கோளத்தை டோம் என்பார்கள். அது தண்ணீரின் வேலையை முறித்துவிடும். கை நீட்டும் தூரத்தில் நின்றுகொண்டு இரண்டு பேரையும், புடவை முழுவதையும், மேலே தண்ணீர்ப் பரப்பையும் ஒரே படத்துக்குள் கொண்டுவரலாம்.

ஆனால் டோம் எங்கள் பெட்டிக்கு நேராகப் பொருந்தவில்லை. நடுவில் ஒரு அலுமினிய வளையம் வேண்டும். அதன் நீளம் சரியாக இல்லாவிட்டால் படத்தின் நான்கு மூலையும் எண்ணெய் பட்ட காகிதம்போல் மங்கிவிடும். அதை நான்தான் கடைந்தேன். சாப்பாட்டு இடைவேளைகளில் பட்டறை லேத்தில் மூன்று வளையம் கடைந்து, ஒவ்வொன்றையும் மாட்டித் தொட்டித் தண்ணீருக்குள் செய்தித்தாளை ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்தோம். மூன்றாவதில் மூலையில் இருந்த வரிவிளம்பரம்கூட எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். எனக்கும் சந்தோஷம்தான். அன்றைக்கு.

அதற்குள் அவனுக்கு நீச்சலும் வந்துவிட்டது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஷவரில் மூச்சு முட்டியவன் மூன்று வாரத்தில் மூச்சுப் பிடித்துத் தரையைத் தொட்டான். "என் லென்ஸ்தானே, ஒரு தடவ நானே இறங்கிப் பாக்குறேன்" என்றான் ஒரு திங்கட்கிழமை. நான் கரையில் நின்றேன். கரையில் நிற்பது எனக்குப் புதிது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்றைய படங்களைப் பார்த்து மணமகள் அழுதாள். நல்ல அழுகை. அவள் அம்மா போனை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்து, "கோயில் சிலை மாதிரி இருக்காடி" என்றார். நண்பனின் மனைவி ஒரு படத்தைக்கூடக் கழிக்கவில்லை. அதன் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அந்தப் படங்களைக் காட்டி, இதுபோல் வேண்டும் என்றே கேட்டார்கள். ஈயக் குண்டு தைப்பது, மாப்பிள்ளையைப் பிடித்துக்கொள்வது, துண்டு நீட்டுவது என் வேலையாயிற்று.

பொறாமை ஒரே நாளில் வரவில்லை. அவன் படங்களைப் பார்க்கும்போது முதலில் குறை தேடினேன். ஃபிஷ்ஐ விளிம்பில் இருப்பவற்றை வளைக்கும். மணமகளின் கை ஒன்று முருங்கைக்காய் மாதிரி நீண்டிருந்தது, அதைச் சொன்னேன். "ஆமால்ல" என்று அடுத்த வாரம் கையை உள்ளே வைக்கச் சொல்லி எடுத்தான். குறை சொன்னால் அவன் வளர்ந்தான். சொல்லாமல் இருந்தேன். டோம் கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று அவனுக்கு முன்னால் நான் எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பேன். நான் அக்கறையாகப் பார்ப்பதாக அவன் நினைத்தான். பட்டறையில் லேத் சுற்றும்போது அந்த வளையம் நினைவுக்கு வரும். ஒரு நூல் குறைத்துக் கடைந்திருந்தால் அந்த அம்மா சிலை என்று சொல்லியிருப்பாளா என்று கணக்குப் போடுவேன். அவனிடம் திறமை என்று ஒன்று இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாம் அந்த லென்ஸ். அது யார் கையில் இருக்கிறதோ அவன் ஜெயிப்பான், அவ்வளவுதான் என்று நம்பினேன்.

அப்படியிருக்கும்போதுதான் கோவளம் பக்கத்திலிருந்து ஒரு மேடம் ஸ்டுடியோவுக்கு வந்தார். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், கடலடியில் மீன் தங்குவதற்காக சிமெண்ட் கட்டைகளைப் போட்டிருக்கிறார்கள். அதில் என்ன வளர்கிறது என்று மாதாமாதம் ஆராய்கிற சிறிய குழு அவருடையது. அவர்களுக்கு முங்கிப் படம் எடுக்கிற ஒரு ஆள் ஒரு வருஷத்துக்கு வேண்டும்.

"ஒருத்தர்தான் வைக்க முடியும்" என்றார். "ரெண்டு பேரும் வாங்க. ஆளுக்கு ஒரு முங்கல். யாரோட படம் எனக்கு உபயோகமா இருக்கோ அவங்க."

திரும்பக் கடல். குளோரின் இல்லாத தண்ணீர், கால் உதைக்கிற மாப்பிள்ளை இல்லாத தண்ணீர். நண்பன் கடற்கரைச் சாலையில் ஒரு டைவிங் பள்ளியில் அடிப்படைப் பயிற்சியை முடித்து அட்டை வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கடலில் நான் நூற்றுக்கணக்கான முறை இறங்கியவன். இதில் மட்டும் அவன் என்னை ஜெயிக்கக் கூடாது, ஜெயிக்கவும் முடியாது.

மேடம் போகும்போது தெளிவாகவே சொன்னார்: "கட்டை எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியும், நாங்கதான் போட்டோம். அது மேல யார் குடிவந்திருக்காங்கன்னு காட்டுங்க."

அந்த வேலைக்கு மேக்ரோதான் வேண்டும். எனக்குத் தெரியும். நம்முடைய கடல் அந்தமான் இல்லை, ஆறு வந்து கலக்கிற, அலை மண்ணைக் கிளறுகிற பச்சைத் தண்ணீர். நல்ல நாளிலேயே இரண்டு ஆள் நீளத்துக்கு மேல் தெரியாது. அப்படிப்பட்ட தண்ணீரில் எடுக்கிற பொருளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மேக்ரோ ஒரு சாண் தூரத்திலிருந்து ஒரு சிப்பியின் உதட்டை எடுக்கும். அது என் லென்ஸ். என் பையிலேயே இருந்தது.

கடலில் இறங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஸ்டுடியோவில் பெட்டியைத் தயார் செய்துகொண்டிருந்தோம். அவன் ஃபிஷ்ஐயை எடுத்து மெல்லிய துணியால் துடைத்து வைத்தான். துடைக்கிற விதத்தைப் பார்த்தேன். குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல். நாளை இவன் இதோடு இறங்குவான், மேலே வருவான், மேடம் வாயில் கை வைத்துக்கொள்வார், இவன் ஒன்றும் தெரியாதவன்போல் தலையைச் சொறிவான் என்று முழுக் காட்சியும் எனக்கு ஓடியது.

"மச்சான், நாளைக்கு ஃபிஷ்ஐ எனக்குக் குடு" என்றேன்.

அவன் மனைவி கணினியிலிருந்து திரும்பினாள். "அது அவரோடதுண்ணா."

"கடல்ல இவனைவிட நான் கிட்ட போவேன்மா. அந்த லென்ஸுக்குக் கிட்ட போகத் தெரிஞ்ச ஆள் வேணும்."

அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. "எடுத்துக்கோ. அப்ப உன் மேக்ரோ எனக்கு."

"அது உனக்கு வராதுடா. மூச்சு விட்டாலே ஃபோகஸ் போயிடும்."

"பாப்போம்" என்று சிரித்தான். "மோதிரம் எடுக்குறதில்லையா நானு?"

அவன் அப்படிச் சொன்னது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. கல்யாண வீட்டில் நிச்சயதார்த்த மோதிரம், தாலிக் குண்டு, மருதாணிக் கோடு, மணமகளின் இமை மயிர் எல்லாவற்றையும் அவன் பத்து வருஷமாக மேக்ரோவில்தான் எடுத்துவருகிறான். தலையைச் சுற்றிப் பத்து உறவினர்கள் இடிக்க, கை ஆடாமல். எனக்கு அந்த நேரத்தில் என் கைக்கு வந்த அரைக்கோளம் மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் காலை கோவளத்தில் ஃபைபர் படகு. படகுக்காரர் என் கையிலிருந்த டோமைப் பார்த்தார்.

"இன்னாபா இது, மீன் தொட்டியைக் கவுத்து எடுத்துகினு வந்துகீற? மீனு மூஞ்சி பாத்துக்கவா?"

நான் முதலில் இறங்கினேன். எனக்குத் துணையாக மேடம் குழுவின் முங்குகிற ஆள் ஒருவர் வந்தார். பத்து மீட்டர் ஆழம் இருக்கும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க இறங்கப் பச்சை கெட்டியாகிக்கொண்டே போனது, கீரை வேகிற சட்டிக்குள் இறங்குவதுபோல். கட்டை திடீரென்று முகத்துக்கு முன்னால் வந்தது. முழுக்கச் சிப்பியும், கல்லில் ஒட்டிக் கூர் ஓடாக வளர்கிற கொட்டலசும் மூடி, நடுநடுவே எதுவோ அசைந்தது. நான் டோம் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனேன். ஆனால் அந்த லென்ஸ் கிட்டே இருப்பதோடு நிறுத்திக்கொள்ளாது. கட்டையையும், கட்டைக்கு இருபுறமும் உள்ள கலங்கலையும், ஃபிளாஷ் பட்டுப் பனிபோல் மின்னுகிற அத்தனை தூசியையும், என் சொந்தத் துடுப்புச் செருப்பின் நுனியையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. முப்பது, நாற்பது படம் எடுத்தேன். கீழிருந்து மேலே பார்த்து ஒன்று, பச்சை வெளிச்சத்தில் கட்டை கோபுரம்போல் நிற்க, மேலே காரை மீன் கூட்டம். அது போதும் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். காற்று இன்னும் பாதி சிலிண்டர் இருந்தது. அதில் ஒரு பெருமை வேறு.

கரைக்கு வந்து, படகு நிழலில் பெட்டியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, டோமையும் ஃபிஷ்ஐயையும் கழற்றி, மேக்ரோவையும் தட்டை முகப்பையும் மாட்டினோம். ரப்பர் வளையத்துக்கு நானே கிரீஸ் தடவினேன். மயிர், மணல் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். அந்த விஷயத்தில் நான் ஏமாற்ற மாட்டேன். பெட்டி பொது.

இரண்டாவது முங்கலுக்கு ஒரு மாற்றம். "அவர் புதுசு" என்றார் மேடம். "பழக்கமான ஆள் கூட இறங்கினா நல்லது. நீங்க போறீங்களா?"

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? இறங்கினேன்.

அவன் கடலில் இருந்த விதம் பார்க்கச் சகிக்காது. மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை. கொஞ்சம் மேலே போவான், பயந்து காற்றை விட்டுக் கீழே விழுவான், விழுந்த வேகத்தில் மண் புகைபோல் எழும். கட்டையைக் கையால் பிடிக்கப் போனான், கொட்டலசு கையைக் கிழித்துவிடும் என்று நான் தட்டிவிட்டேன். ஒரு சாண் தூரத்தில் நின்று எடுக்கிற லென்ஸை வைத்துக்கொண்டு இப்படி ஆடினால் ஒன்றும் வராது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். முகமூடிக்குள் அந்தக் கண், பெஞ்சில் கணக்குப் பரீட்சையின்போது நான் அவனைப் பார்த்த கண்தான். பிறகு தன் முதுகைக் காட்டிக் கையால் சைகை செய்தான்: பிடி.

பின்னால் போய் அவன் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்தேன். என் மூச்சால் இரண்டு பேரின் மிதப்பையும் சமன் செய்தேன். அவன் ஆட்டம் நின்றது. அதற்குப் பிறகு அவன் மாறிவிட்டான். கட்டையை ஒரு கல்யாண வீடு மாதிரி பார்த்தான். முதலில் எதையும் எடுக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தான். செத்த கொட்டலசின் காலி ஓட்டுக்குள்ளிருந்து ஒரு குட்டி மீன் தலையை நீட்டியது, தலையில் இரண்டு கிளை மயிர், வெளியே வந்தால் யாராவது வீட்டைப் பிடித்துக்கொள்வார்களோ என்கிற முகம். அவன் காத்திருந்தான். அது உள்ளே போயிற்று. காத்திருந்தான். வந்தது. ஃபிளாஷ். நான் அவன் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தேன். கண்ணில் வெளிச்சப் புள்ளியோடு, மயிர் மயிராக, அந்த மீன். என் லென்ஸில். என் கை பிடித்திருக்க.

அப்போது நான் பிடியைத் தளர்த்தினேன். முழுக்க விடவில்லை. இரண்டு விரல்களை எடுத்தேன், அவ்வளவுதான். நீரோட்டம் அவனைப் பக்கவாட்டில் தள்ளியது, துடுப்பு தரையைத் தொட்டது, மண் எழுந்தது, நாலைந்து படம் வெறும் பழுப்பு. அவன் கை தானாகவே பின்னால் வந்து என் மணிக்கட்டைத் தேடித் தொட்டது. திட்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மறுபடி பிடித்துக்கொண்டேன். காற்று தீரும்வரை அப்புறம் விடவில்லை. ஏன் விடவில்லை என்று யோசித்திருக்கிறேன். நல்ல மனசு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த ஓட்டுக்குள் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

மேடம் மடிக்கணினியைப் படகுக் கொட்டகையில் வைத்துப் பார்த்தார். முதலில் என்னுடையது. கோபுரப் படத்தில் நின்றார்.

"அழகா இருக்கு" என்றார். "இதுல என்னென்ன இருக்குன்னு சொல்லுங்க?"

பெரிதாக்கினார். பச்சை. இன்னும் பெரிதாக்கினார். பச்சைக்குள் சாம்பல். "காரை, மேடம்" என்றேன். "எந்தக் காரை?" என்றார். நான் தூரத்தில் வலை இழுப்பவர்களைப் பார்த்தேன்.

அவனுடைய படங்களுக்கு வந்ததும் அவர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். ஒன்றைப் பார்த்து நோட்டில் எழுதினார், அடுத்ததைப் பார்த்து எழுதினார். குட்டி மீனிடம் வந்ததும் வாயில் கை வைக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது அதைவிடப் பெரிய பாராட்டு என்று எனக்குப் புரிந்தது. நடுவில் பழுப்புப் படங்கள் வந்தன. "இங்க என்ன ஆச்சு?"

"கரண்ட் இழுத்துடுச்சு மேடம்" என்றான் அவன். "இவன் பிடிக்கலைன்னா நான் மகாபலிபுரம் போயிருப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

வேலை அவனுக்கு. மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரைப் பிடிச்சுக்க ஒரு ஆள் அவசியம்னு தெரியுது. அதுக்கும் நாள் கூலி உண்டு. வருவீங்களா?" என்றார். ஒரு வாரம் யோசித்தேன். பட்டறையில் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. நண்பன் மேக்ரோவைத் துடைத்துத் திருப்பித் தந்தான். "அவங்களே புதுசு வாங்கித் தர்றாங்க மச்சான். ஃபிஷ்ஐயையும் நீயே வெச்சுக்கோ, குளத்து வேலை இனிமே உனக்குத்தான்" என்றான். திங்கட்கிழமைகளில் நான் தண்ணீருக்குள் இருக்கிறேன் இப்போது. மணமகளுக்கு இரண்டு காலும் தலையும் வருகிறது. அவன் மனைவி "பரவால்லண்ணா, நல்லா வந்திருக்கு" என்கிறாள். பரவாயில்லை என்பதைத் தனியாகவும், நல்லா வந்திருக்கு என்பதைத் தனியாகவும் கேட்டுப் பார்க்கிறேன். சிலை என்று இதுவரை எந்த அம்மாவும் சொல்லவில்லை. லென்ஸ் அதேதான், வளையமும் அதேதான்.

கோவளத்துக்கும் போகிறேன். மாதம் இரண்டு நாள், அவன் சிலிண்டர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு. மிதப்பு அவனுக்கு இன்னும் வரவில்லை. வரவைக்கலாம், ஒரு வாரம் குளத்தில் பயிற்சி கொடுத்தால் போதும். அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன முறை தண்ணீர் வழக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது. அவன் கட்டையின் ஒரு முகத்தில் நண்டு ஒன்றுக்காகக் காத்திருந்தான். நான் அவன் தோளுக்கு மேலாக, பக்கத்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய சிப்பி ஒன்று பாதி திறந்திருந்தது. உள்ளே சிப்பி இல்லை. கட்டைவிரல் அளவு கணவாய் போல ஒன்று, இல்லை, எட்டுக் கால், ஆக்டோபஸ் என்கிற சாக்குக்கணவாயின் குஞ்சு. ஓட்டின் மேல் மூடியைத் தன் கால்களாலேயே கதவு மாதிரி இழுத்து வைத்துக்கொண்டு, இடுக்கு வழியாக என்னைப் பார்த்தது. சிவப்பானது, வெளுத்தது, ஓட்டின் நிறமானது. மேடம் முதல் நாளிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவன் தலையை ஒரு சாண் திருப்பினால் போதும். நான் கையை ஒரு சாண் திருப்பினால் போதும், அவன் உடம்பு முழுவதும் என் கையில்தான் இருக்கிறது.

திருப்பினேன். மறுபக்கம். நண்டு ஓடிய திசையில் அவனை மெதுவாக நகர்த்திக்கொண்டு போனேன். அவன் நன்றாக இருக்கிறது என்று விரலால் வட்டம் காட்டினான்.

படகில் ஏறி முகமூடியைக் கழற்றியதும் கேட்டான்: "வேற ஏதாச்சும் பாத்தியாடா?"

"இல்ல" என்றேன்.